இரண்டு காதும் ஆறு கம்பியும்

ட்யூனிங் ஃபோர்க் என்பது ஒரு சின்ன இரும்புக் கவை. முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் ஒரே ஒரு நோட்டைத் தரும். சூறாவளி வந்தாலும் அரசாங்கம் மாறினாலும் அந்த நோட் மாறாது. அதை நம்பித்தான் கிட்டாரின் கம்பிகளை முறுக்குவது. மலேரியாக் காய்ச்சல் விட்டு எழும்பிய முதல் நாள் காலையில் நான் அதைத் தட்டி வலது காதில் பிடித்தேன். சரியாக இருந்தது. இடது காதுக்கு மாற்றினேன். கொஞ்சம் தாழ்ந்த வேறொரு நோட் கேட்டது.

திரும்பவும் வலது. திரும்பவும் இடது. ஒரே இரும்பு, இரண்டு காதுக்கு இரண்டு கதை சொன்னது. போதாக்குறைக்குத் தலைக்குள் ஒரு சில்வண்டு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

“அல்லாட காவல்! காதுக்குள்ள என்னத்தக் குத்துறீங்க?” என்று என் மனைவி கமீலா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“இஞ்ச வா. உனக்கு ஒரு சத்தம் கேக்குதா, ரெண்டு கேக்குதா?”

இரண்டு காதிலும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். “ஒண்டுதானே? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் ஙீ எண்டு கேக்குது.”

அப்படியானால் கோளாறு இரும்பில் இல்லை, என்னில்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். குயினைன் குடித்தால் சிலருக்குக் காது இரையும், பெரும்பாலும் சரிவரும் என்றார் டாக்டர். சரிவராவிட்டால் என்று கேட்டேன். பெரும்பாலும் சரிவரும் என்று அதையே திருப்பிச் சொன்னார். டாக்டருக்குக் காது என்றால் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு இருக்கிற சாமான். எனக்கு அது சோறு.

நான் மீராலெவ்வை. கல்முனைக்குடியில் பிறந்து, கொழும்பு புறக்கோட்டையில் பெரியப்பாவின் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனவன். கடைக்கு மேல்மாடியில் ஒஸ்வல்ட் என்ற பறங்கியர் குடியிருந்தார். அவர் கிட்டார் வாசிக்கிற சத்தம் பலகைத் தட்டு வழியாக இறங்கி வந்து என் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு முழம் புடவைகூட ஒழுங்காக அளந்ததில்லை. கடைசியில் ஒஸ்வல்ட்டின் பேண்டிலேயே சேர்ந்து, வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஹோட்டல்களில் ஜாஸ் வாசிக்கத் தொடங்கினேன். ஊரில் என்னைப் பாட்டுக்காரன் என்பார்கள். நான் ஒரு வரி பாடியதில்லை. விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு மனைவியுடையது, வயல் மனைவியுடையது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்வான். நான் இரண்டு பெட்டியோடு போனேன். ஒன்றில் உடுப்பு, மற்றதில் கிட்டார். பின்னால் ஒரு கூலியாள் தலையில் என் அம்ப்ளிஃபையர், அதற்கும் பின்னால் அமெரிக்கக் கரண்டுக்குச் செய்த அந்த அம்ப்ளிஃபையர் நம்மூர்க் கரண்டில் எரிந்து போகாமல் காக்கிற இரும்பு ட்ரான்ஸ்ஃபோமர். மாமி ட்ரான்ஸ்ஃபோமரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ள நல்ல பாரமான ஆள்தான்” என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை தெரியாது.

கிட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் குழப்பம் விளங்காது. அது ஜெர்மனியில் செய்தது. நடுவில் வட்ட ஓட்டை கிடையாது. வயலினைப் போல வயிறு குவிந்து, இரண்டு பக்கமும் நீளமாக வளைந்த இரண்டு ஓட்டைகள். கம்பிகளைத் தாங்குகிற மரப்பாலம் ஒட்டப்படாதது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். அதை ஒரு மயிரிழை முன்னே பின்னே தள்ளினால் கழுத்தின் மேல்பாதியில், உடம்பை ஒட்டிய பக்கத்தில், வாசிக்கிற நோட்டெல்லாம் புளித்துப்போகும். ஜாஸ் வாசிக்கிறவனுக்கு மேல்பாதி முக்கியம். கீழே மட்டும் வாசிப்பதென்றால் கல்யாண வீட்டு ஆட்டத்துக்கு வாசிக்கிற பைலாக் கோஷ்டிக்குப் போகலாம்.

என் ட்யூனிங்கும் தனி. மெல்லிய கம்பிகள் இரண்டையும் எல்லாரும் வைப்பதைவிட அரை நோட் ஏற்றி வைப்பேன். அப்படி வைத்தால் ஆறு கம்பிகளுக்கும் இடையில் ஒரே அளவு தூரம். விரல்கள் பிடிக்கிற வடிவம் ஒன்றைக் கற்றால் போதும், எங்கே நகர்த்தினாலும் அதே வடிவம். ஒஸ்வல்ட்டுக்கு இது பிடிக்காது. “உன் கிட்டாரை எடுக்கிறவன் எல்லாம் பைத்தியமாகிறான்” என்பார். உண்மைதான். அவர்களுடைய கிட்டாரை எடுத்தால் நானும் பைத்தியம்தான்.

இந்த நிலைமையில்தான் ஒஸ்வல்ட்டின் தந்தி வந்தது. பேண்டுக்கு ஒரு உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, ஒரு வருஷ ஒப்பந்தம், சிங்கப்பூரும் அவுஸ்திரேலியாவும். மாதம் முடிய முன் கிட்டாரோடு கொழும்பில் நிற்க வேண்டும். வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறான்.

வேறு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். மெல்லிய கம்பிகளை ஏற்றி வைக்காத ஒழுங்கான பிள்ளை.

தந்தியைக் கமீலாவுக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். மாமிதான் சொன்னார். “சுஹறாட மாப்பிள்ளையும் ஒரு வருஷம் எண்டுதான் சவூதிக்குப் போன.” சுஹறா கமீலாவின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள். பக்கத்து வளவில்தான் வீடு. அவள் மாப்பிள்ளை போய் மூன்றாவது நோன்பும் முடிந்துவிட்டது. இப்போது கடிதமும் வருவதில்லை.

“நான் போறது கப்பல், மாமி. அது சுத்திச் சுத்தி வந்துட்டே இரிக்கும்” என்றேன். என் காதுக்கே அது மடத்தனமாகக் கேட்டது.

முதலில் காது சரியாக வேண்டுமே. தினமும் காலையில் ஃபோர்க்கைத் தட்டினேன். இரண்டு நோட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தன. ஒரு காலை இரண்டு காதிலும் ஒரே நோட் கேட்டது! ஃபோர்க்கை முத்தமிட்டேன். சில்வண்டு மட்டும் போகவில்லை, தூரத்தில் போய் உட்கார்ந்து மெல்லமாகக் கத்திக்கொண்டிருந்தது. போனால் போகட்டும் என்று கிட்டாரை எடுத்துக் கம்பி முறுக்கி, கழுத்தின் மேல்பாதியில் நாலு நோட் ஒன்றாக ஒலிக்கிற, எனக்கு மிகப் பிடித்த கோர்ட் ஒன்றைப் பிடித்து மீட்டினேன்.

கோர்ட்டா அது? பழஞ்சோறு மாதிரிப் புளித்தது.

திரும்ப முறுக்கினேன். கம்பியை அமுக்காமல் மீட்டினால் எல்லாம் சரி. கீழ்ப்பாதியில் பரவாயில்லை. மேலே ஏற ஏறப் பிசகியது. மரப்பாலம் நகர்ந்திருக்குமோ என்று பார்த்தேன். அதன் அடியில் நான் பென்சிலால் போட்டிருந்த கோட்டில்தான் நின்றது. கம்பிகள் புதுசு. முறுக்காணிகள் இறுக்கம். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சரியாக இருந்தது. அப்படியென்றால் காதா? ஃபோர்க்கின் நோட் சரியாகக் கேட்டு, அதற்கு மேலுள்ள நோட்டுகள் மட்டும் கோணலாகக் கேட்குமா? கேட்கலாம். யார் கண்டது? காதைச் சோதிக்கச் சரியான கிட்டார் வேண்டும். கிட்டாரைச் சோதிக்கச் சரியான காது வேண்டும். இந்த வட்டத்துக்குள் செக்குமாடு மாதிரிச் சுற்றினேன்.

பாண்டிருப்பில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற இளையதம்பியிடம் போய் அவருடைய கிட்டாரை மீட்டிப் பார்த்தேன். அது பிறந்த நாளிலிருந்தே சுருதி சேராதது. அதை வைத்து என் காதைச் சோதிப்பது கள்ளனைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்வது மாதிரி. “நல்லாத்தானே கேக்குது, அண்ணன்” என்றார் இளையதம்பி. அவருக்கு நல்லாகத்தான் கேட்டது. நான் இன்னும் குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

நாட்கள் போயின. எனக்கு எரிச்சல் ஏறியது. சோறு சூடு என்றேன், பிறகு ஆறிப்போச்சு என்றேன். பள்ளிவாசலின் பாங்குச் சத்தம்கூட ஒருநாள் இரண்டாகக் கேட்டது போலிருந்தது. கமீலாவிடம் கேட்டேன். அது கல்முனைக்குடிப் பள்ளியும் சாய்ந்தமருதுப் பள்ளியும் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதற்குள் புதிதாக ஒரு தொல்லை. கிட்டாரை வைத்து வாசித்தால் வலது முழங்கை அடியில் அரிப்பு. தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. காய்ச்சலின் மிச்சமோ, குயினைனின் அடுத்த வேலையோ என்று பயந்தேன். கமீலா கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“இது சொணை” என்றாள் சாதாரணமாக.

“எந்தச் சொணை?”

“நெல்லுச் சொணைதான். சூடடிக்கிற ஆக்களுக்கு வாறதுதானே. தேங்காயெண்ணெ பூசுங்க.”

எனக்கு எங்கிருந்து நெல்லுச் சுணை? கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் கமீலாவின் மாவடிப்பள்ளி வயலுக்கு ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் வரப்பில் வழுக்கி விழுந்து எல்லாரையும் சிரிக்க வைப்பதற்கு. அவள் முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன். கை படுகிற இடத்தைப் பார்த்தேன். கிட்டாரைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன். அந்த நீள ஓட்டைகள் வழியாகப் பொலபொலவென்று நெல் கொட்டியது.

“கமீலா!”

“ஓம். நான்தான் நெல்லுக்குள்ள வெச்சன்” என்றாள்.

நான் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்த நாட்களில் பருவம் தப்பிய மழை பெய்திருக்கிறது. எழுபத்தெட்டாம் வருஷச் சூறாவளி தூக்கிக்கொண்டு போன கூரையின் ஒரு பக்கத்துக்கு இன்னும் தென்னங்கிடுகுதான் போட்டிருந்தோம். ஒழுக்கு நேரே கட்டிலுக்கடியில் இருந்த கிட்டார்ப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. கமீலா பெட்டியைக் காய வைத்துவிட்டு, கிட்டாரைத் தன் கல்யாணப் புடவையில் சுற்றி, அட்டுவத்துக்குள், அதாவது வீட்டின் நடுவில் பலகையடித்த நெல்லறைக்குள், நெல்லுக்கு நடுவில் புதைத்திருக்கிறாள். புடவை விலகிய இடத்தால் நெல் உள்ளே இறங்கியிருக்கிறது. சூறாவளியன்று இந்த வீட்டில் நனையாமல் மிஞ்சிய ஒரே இடம் அட்டுவம். அன்றிலிருந்து இவர்களுக்கு எது பெறுமதியோ அது அட்டுவத்துக்குள் போகும். கமீலாவின் தங்கச் சங்கிலி, வீட்டு உறுதிப் பத்திரம், மாம்பழம், முட்டை எல்லாம் அங்கேதான். இந்த வீட்டில் ஒரு பொருளுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய மரியாதை அது.

“வயல்ல இருந்து ஈர நெல்லு வந்து குவிஞ்சிருந்த. உள்ளுக்குள்ள நல்ல சூடு. அந்தச் சூட்டுல உங்கட சாமான்ட ஈரம் வத்தும் எண்டு வெச்சன். நீங்க எழும்ப முன்ன எடுத்துத் தொடச்சிப் பெட்டிக்குள்ள போட்டுட்டன்” என்றாள். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஈர நெல்லைக் குவித்தால் கை வைக்க முடியாத அளவு சூடேறும் என்று எனக்கே தெரியும். கிட்டாரின் கழுத்தை உடம்போடு சேர்த்திருப்பது பசை. சூட்டில் இளகுகிற பசை. கழுத்தை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு நூல் அளவு முன்னால் சாய்ந்திருந்தது. பாலம் பழைய கோட்டில், கழுத்து புது இடத்தில். பிறகு மேல்பாதி புளிக்காமல் என்ன செய்யும்?

என் காது சரி! அந்த ஒரு விநாடி எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முற்றத்தில் நின்ற கோழியைக்கூடக் கட்டிப்பிடித்திருப்பேன். அடுத்த விநாடி கோபம் வந்தது. அதற்கும் அடுத்த விநாடி வேறொன்று வந்தது, அதை வாயால் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“நான் போகக்கூடாதெண்டு வெச்சியா?”

கமீலா என்னையே பார்த்தாள். “தந்தி வந்தது நீங்க எழும்பின பொறகுதானே?” என்றாள்.

அது சரி. கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் நான் காதைப் பிடித்துக்கொண்டு கிடந்த அத்தனை நாளும் அவள் ஏன் சொல்லவில்லை? நெல்லுக்குள் வைத்தால் கிட்டாருக்கு ஏதும் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, ஆகவே சொல்லத் தோன்றவில்லை. அல்லது தெரிந்தது, ஆகவே சொல்லவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் எப்படி இருக்க முடியும் என்று பார்த்தேன். இருந்தது.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பன்” என்றாள். “நீங்க காதைத்தானே கேட்டீங்க.”

கீழே கொட்டிக் கிடந்த நெல்லை மாமி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பாராமல் உள்ளே போனார்.

கழுத்தைக் கழற்றி ஒட்டுகிற ஆள் கொழும்பிலேயே ஒருவர்தான். அதற்கு நாள் இல்லை. ஆனால் பாலம் ஒட்டாதது அல்லவா? கழுத்து நகர்ந்தால் பாலத்தையும் நகர்த்தலாம். உயரத்தைக் குறைத்து, ஒரு மயிரிழை பின்னால் தள்ளி, புதிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கிட்டார் கப்பல் ஏறும். கண்டுபிடிக்கிற வழியும் எனக்குத் தெரியும். ஒரு தடித்த கம்பியை மேல்பாதியில் அமுக்கி, பக்கத்துக் கம்பியில் அதே நோட்டைச் சேர்த்து மீட்ட வேண்டும். இரண்டும் கொஞ்சம் பிசகியிருந்தால் சத்தம் அலை அலையாக நடுங்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். ஒன்றாகிவிட்டால் நின்றுபோகும்.

பின்னேரம், ஊரெல்லாம் லைட் போட்டுக் கரண்ட் மங்க முன், அம்ப்ளிஃபையரைப் போட்டேன். மீட்டினேன். வேகமான நடுக்கம் கேட்டது. பாலத்தைத் தள்ளினேன். நடுக்கம் மெதுவானது. இன்னும் தள்ளினேன். இன்னும் மெதுவானது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. அலை நின்றுவிட்டதா, அல்லது அந்த மெல்லிய அலையைத் தலைக்குள் இருக்கும் சில்வண்டு மூடிவிட்டதா? காது சரி என்று காலையில் கூத்தாடினேனே, இதற்குத்தானா? கடைசி ஒரு மயிரிழைக்குத்தான் காது தேவை, அந்த மயிரிழையைத்தான் குயினைன் தின்றிருந்தது.

கமீலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச வா” என்றேன். “கையத் தா.”

அவள் வலது உள்ளங்கையை எடுத்துக் கிட்டாரின் முதுகில் வைத்தேன். சத்தத்தில் இருக்கிற நடுக்கம் மரத்திலும் இருக்கும். அதற்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. முதலில் பாலத்தை வேண்டுமென்றே பிழையாகத் தள்ளி மீட்டினேன்.

“யா அல்லாஹ், இது புறா மாதிரி குறுகுறுக்குது!” என்று சிரித்தாள். அவள் சிரித்தே எத்தனையோ நாள்.

“அது நிக்கணும். எப்ப நிக்குதோ சொல்லு.”

சிரிப்பு நின்றது. அது நின்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பாலத்தைத் தள்ளினேன். மீட்டினேன். “இப்ப?”

“நடுங்குது. மெல்லமா.”

இன்னும் கொஞ்சம். “இப்ப?”

“நடுங்குது.”

இன்னும் ஒரு மயிரிழை. “இப்ப?”

“நடுங்குது.”

நான் குழம்பினேன். இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லையே. சரியான இடத்தைத் தாண்டியிருந்தால் நடுக்கம் திரும்ப வேகமாகி இருக்க வேண்டும். அவள் மெல்லமா என்கிறாள், அதே மெல்லமா. பொய் சொல்கிறாளா? ஏன் சொல்ல மாட்டாள்? அவள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் முகத்தில் பொய் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கணக்குப் பாடம் செய்கிற பிள்ளை மாதிரிக் கவனமாக இருந்தாள்.

நான் கம்பிகள் ஆறையும் உள்ளங்கையால் பொத்தினேன். கிட்டார் செத்த மாதிரி அடங்கியது. அம்ப்ளிஃபையரையும் நிறுத்தினேன்.

“இப்ப?”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “நடுங்குது.”

அவள் கண்ணைத் திறந்தாள். பொத்தியிருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

“இது என்ட கை” என்றாள். “அது எப்பயோ நின்டிருக்கும் போல.”

“விடு கமீலா. பிறகு பாப்பம்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குக் கப்பலும் வேண்டாம், ஒஸ்வல்ட்டும் வேண்டாம். இல்லை, வேண்டும். எது வேண்டும் என்றே தெரியவில்லை.

“பொறகு லைட் போட்டுருவாங்க. கரண்ட் குறைஞ்சிடும்” என்றாள்.

இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அந்தக் கையைக் கிட்டாரின் முதுகோடு சேர்த்து, அசையாதபடி அமுக்கினாள்.

“இப்ப மீட்டுங்க.”

அம்ப்ளிஃபையரைத் திரும்பப் போட்டேன். பாலத்தை, அலை நின்றுவிட்டதோ என்று நான் முதலில் சந்தேகப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து மீட்டினேன். அவள் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு மயிரிழை பின்னால் தள்ளி இன்னொரு தரம் மீட்டினேன்.

“நின்டுட்டு” என்றாள் கமீலா.

சத்தம் ஓய்ந்தது. நான் பென்சிலை எடுத்துப் பாலத்தின் அடியில் புதிய கோட்டைப் போட்டேன். அவள் கையை எடுக்கவில்லை.